சம்பந்திக்கு ஒரு விசில்

டமார்!

பின்னாலிருந்து வந்த அந்த இடி, ஐம்பது சொச்சம் நிலக்கரிப் பெட்டிகளையும் ஒவ்வொன்றாகக் குலுக்கிக்கொண்டே முன்னால் ஓடிவந்து, கடைசியில் லோகோ பைலட் கிறிஸ்துராஜின் டிபன் பாக்ஸைத் தட்டிவிட்டது. மூடி ஒரு பக்கம் போனது. எலுமிச்சை சாதம் இன்னொரு பக்கம் போனது.

"எஞ்சின் வந்து சேந்துடுச்சு சார்" என்றாள் அவருடைய அசிஸ்டன்ட் எழிலரசி. சாதம் போன பக்கத்தில் அவளுடைய ஷூ இருந்தது.

சாதம் போனதில் கிறிஸ்துராஜுக்கு வருத்தமில்லை. காலையிலிருந்தே அவருக்குப் பசி இல்லை. அவர் ஓட்டிவந்த ரயிலுக்கு முன்னால் இரண்டு எஞ்சின்கள். பச்சகுப்பம் தாண்டியதும் இரண்டாவது எஞ்சின் ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. முதல் எஞ்சின் தனியாக இழுத்துப் பார்த்தது. மேட்டில் சக்கரம் வழுக்கியதுதான் மிச்சம். நின்ற இடமாவது நல்ல இடமா என்றால், ரயிலின் வயிறு சரியாக ஒரு லெவல் கிராஸிங்கை அடைத்துக்கொண்டிருந்தது. ஆம்பூர் கூப்பிடு தூரம். பக்கத்துச் சுரங்கப்பாதையில் நேற்றைய மழைத்தண்ணீர். கேட்டின் இரண்டு பக்கமும் ஷூ கம்பெனி வேன்கள், டூ வீலர்கள், ஈரத்தோல் ஏற்றிய ஒரு லாரி. நேரம் ஆக ஆக அந்த லாரியைச் சுற்றி மட்டும் தாராளமாக இடம் காலியாகிக்கொண்டே போனது.

இப்போது காட்பாடியிலிருந்து உதவிக்கு ஒரு எஞ்சின் வந்து ரயிலின் வாலில் முட்டிக்கொண்டு நின்றது. இவர் இழுக்க வேண்டும், அது தள்ள வேண்டும். தீர்ந்தது விஷயம்.

கேட்க இது சுலபம். முன்னால் இருக்கும் இரண்டு எஞ்சின்களுக்கு நடுவே ஒயர் உண்டு. முதல் எஞ்சினில் கைப்பிடியைத் தள்ளினால் இரண்டாவதும் அதே அளவு முக்கும். நல்ல தம்பதி. வாலில் நிற்கும் எஞ்சினுக்கு ஒயர் கிடையாது. முக்கால் கிலோமீட்டருக்கு அப்பால் அது தனி ஆள், தனி மனசு. முன்னால் இருப்பவர் இழுக்கும்போது பின்னால் இருப்பவர் சும்மா இருந்தால் கொக்கி அறுந்துவிடும். பின்னால் இருப்பவர் தள்ளும்போது முன்னால் இருப்பவர் சும்மா இருந்தால் நடுப்பெட்டிகள் பிதுங்கித் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். இருவரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். அதற்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கும் வழி விசில். முன் எஞ்சின் ஒரு குட்டி விசில் அடிக்கும்: நான் ரெடி. பின் எஞ்சின் பதிலுக்கு ஒரு குட்டி விசில் அடிக்கும்: நானும் ரெடி. அவ்வளவுதான்.

கிறிஸ்துராஜ் விசில் பட்டன் மேல் கையை வைத்தார். வழக்கமாகக் கேட்கிற கேள்வியை வாக்கி டாக்கியில் கேட்டார். பின்னால் யார் ஓட்டுகிறார்கள்?

ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு சூரியபிரகாஷ் உற்சாகமாகப் பதில் சொன்னார். "நம்ம ஏசடியான் சார்தான். ஸ்பேர்ல வேற ஆளே இல்லையாம், யார்டுலருந்து இட்டாந்துட்டாங்க."

கிறிஸ்துராஜின் கை பட்டனிலிருந்து சூடு பட்டது போல விலகியது.

"இன்னா சார் ஆச்சு?" என்றாள் எழிலரசி.

"பின்னாடி இருக்கிறது எங்க சம்பந்தி" என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "சாயங்காலம் நிச்சயம் ஆச்சுன்னா சம்பந்தி."

அன்று மாலை ஆம்பூர் சர்ச் ஹாலில் கிறிஸ்துராஜின் மகள் ஜெனிஃபாவுக்கும் ஏசடியானின் மகன் ஜோவினுக்கும் நிச்சயதார்த்தம். இரண்டு அப்பாக்களும் மத்தியானமே டியூட்டி முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு ஹாலில் நிற்பதாகத் திட்டம். ஜெனிஃபா வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஜோவின் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வந்த வரன்களுக்கெல்லாம் உதட்டைப் பிதுக்கிய பெண், இந்த ஒரு இடத்துக்குத்தான் தலையாட்டினாள். ஆட்டிய வேகத்தைப் பார்த்த அவளுடைய அம்மா டோரதி, இது ஏற்கெனவே தெரிந்த பையன்தான் என்று கண்டுகொண்டாள். கண்டுகொள்ளாதது போல இருந்துவிட்டாள்.

இடம் நல்ல இடம். ஒரே ஒரு கண்டிஷன். விசில் கூடாது.

அதற்கு ஒரு கதை இருந்தது. போன வருஷம் இதே ஜோவினுக்கு ராணிப்பேட்டையில் ஒரு பெண் பார்த்து, பேச்சு பாதி முடிந்திருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை வேலூர் லாங் பஜாரில் ஏசடியான் காய்கறிப் பையோடு போய்க்கொண்டிருந்தார். பெண்ணின் தாய்மாமன் அவரை எதிர்ச் சாரியிலிருந்து பார்த்துவிட்டார். கூப்பிட்டார், திரும்பவில்லை. கை தட்டினார், திரும்பவில்லை. உற்சாகத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். தள்ளுவண்டிக்காரர்கள் திரும்பினார்கள், ஒரு கழுதை திரும்பியது, ஏசடியான் திரும்பவில்லை. தாய்மாமன் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, எவ்வளவு நேரமாக விசில் அடிக்கிறேன் என்று கேட்டார்.

"விசில் அடிச்சா திரும்பறதுக்கு நான் இன்னா ஆடா?" என்றார் ஏசடியான். பஜாரே கேட்கும் குரல். வரன் அன்றைக்கே முறிந்தது.

கதை வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை போனது. ரோஷக்காரர் என்று பெயர் வாங்கிக் கொடுத்தது. இந்தச் சம்பந்தத்தைப் பேசிமுடித்த சபை மூப்பர் கிறிஸ்துராஜைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார். பின்னாலிருந்து கூப்பிடாதே, கை தட்டாதே, விசில் பக்கமே போகாதே.

கிறிஸ்துராஜ் வீட்டில் அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்கள். ஏசடியான் குடும்பம் பெண் பார்க்க வந்த அன்று டோரதி குக்கர் வைக்கவில்லை. இருபது பேருக்கு வடித்த சோறு. குக்கர் விசில் அடித்து அவர் ரோஷம் கிளம்பிவிட்டால்? பக்கத்து வீட்டிலும் சொல்லிவைத்து அவர்கள் குக்கரையும் அடுப்பிலிருந்து இறக்கினார்கள். அவர்கள் அன்று மத்தியானம் பிரெட் சாப்பிட்டார்கள்.

வந்தவர் என்னவோ தங்கமாக இருந்தார். வரதட்சணை கிடையாது என்றார்கள். சரி என்றார். கல்யாணத்துக்குப் பிறகும் பெண் வேலைக்குப் போவாள் என்றார்கள். சரி என்றார். டோரதி ஒரு வேகத்தில், கல்யாண பிரியாணி மாப்பிள்ளை வீட்டுச் செலவு என்று சொல்லிப் பார்த்தாள். அதற்கும் புன்னகையோடு சரி என்றார். இப்படி ஒரு பெருந்தன்மையை அந்தத் தெரு பார்த்ததில்லை. டிப்போவிலும் அவருக்கு அதே பெயர்தான். ரிட்டயர் ஆக இந்த ஒரு மாதம்தான் பாக்கி. அதற்கு வெகு முன்பே, பெரிய வண்டிகளை இளையவர்கள் ஓட்டட்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு யார்டில் பெட்டி மாற்றும் வேலைக்குப் போய்விட்ட மனிதர்.

அப்பேர்ப்பட்டவரை நிச்சயத்தன்று, ஊர் பார்க்க, விசில் அடித்துக் கூப்பிடுவதா?

எழிலரசி முழுக் கதையையும் கேட்டாள். பெட்ரோலியம் இன்ஜினியரிங் படித்துவிட்டு ரயில்வேக்கு வந்த பெண். அவள் பொறுமையாக ஒன்று சொன்னாள். "சார், அது வாய் விசில். இது கவர்மென்ட் விசில்."

கிறிஸ்துராஜுக்கு அது எடுபடவில்லை. வாக்கி டாக்கி இருக்கும்போது விசில் எதற்கு என்று தோன்றியது. சம்பந்தியின் எஞ்சின் அவசரத்தில் கிளம்பியதால் அவரிடம் செட் இல்லை. கார்டு சூரியபிரகாஷிடம் இருந்தது. கார்டு இருந்த பெட்டிக்கும் பின் எஞ்சினுக்கும் நாலே எட்டுதான். ஆகவே செய்தி கார்டு வழியாகப் போகலாம்.

போனது. ஆனால் எடுத்த எடுப்பில் தள்ளுங்கள் என்று சொல்ல முடியுமா? முதலில் சம்பந்தி சௌக்கியமா என்று கேட்டனுப்பினார். கார்டு போய்ப் பார்த்து, கையை ஆட்டினார், சௌக்கியம்தான் என்றார். சம்பந்தியம்மாவின் மூட்டுவலி தேவலையா என்று கேட்டனுப்பினார். அதற்கும் கையை ஆட்டினார் என்றார் கார்டு. சாப்பிட்டாரா என்று கேட்டதற்கும் கையை ஆட்டினார். இது சாப்பிட்டதற்கான ஆட்டலா, சாப்பிடாததற்கான ஆட்டலா என்று கிறிஸ்துராஜ் கவலைப்பட்டார். பின் எஞ்சினின் அசிஸ்டன்ட் அபினேஷை உடனே கேட்டுக்குப் பக்கத்தில் உள்ள கடைக்கு அனுப்பி, சம்பந்திக்கு டீயும் மசால் வடையும் வாங்கித் தரச் சொன்னார். வெந்நீர்க் கணக்கில் இல்லாமல் நல்ல ஸ்ட்ராங்காக. சர்க்கரை கம்மியாக.

அபினேஷ் இறங்கிப் போனான்.

அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கு வந்தார் கிறிஸ்துராஜ். சம்பந்திக்குச் சிரமம் இல்லையென்றால், அவருக்கே எப்போது மனசுக்குப் படுகிறதோ அப்போது, கொஞ்சமாக ஒரு தள்ளு தள்ளலாம் என்றும், தாம் அதற்கேற்ப இழுத்துக்கொள்வதாகவும் சொல்ல ஆரம்பித்தார். பாதி வாக்கியத்தில் கீக் என்று ஒரு சத்தம் வந்தது. மூட்டுவலியிலும் மசால் வடையிலும் கார்டு கையிலிருந்த செட்டின் பேட்டரி தீர்ந்துபோயிருந்தது.

செல்போன்கள் டியூட்டி விதிப்படி அணைக்கப்பட்டுப் பையில் இருந்தன. கார்டு சூரியபிரகாஷ் முணுமுணுத்தபடி ஜல்லியில் இறங்கி, முன் எஞ்சினை நோக்கி நடக்க ஆரம்பித்தார். இப்படியாகப் பின் எஞ்சினில் ஏசடியானைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லாமல் போனது.

கேட் கீப்பர் பூங்குழலிக்கு இதற்குள் தொண்டை கட்டிவிட்டது. கேட் போனில் ஸ்டேஷன் மாஸ்டர் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கத்தினார். பின்னால் ஒரு எக்ஸ்பிரஸ் மேல்பட்டியில் நிற்கிறதாம். ஏன் வண்டி எடுக்கவில்லை? பூங்குழலிக்கு என்ன தெரியும்? டீ வாங்க ஒரு ஆள் வந்திருப்பதாக மட்டும் உள்ளது உள்ளபடி சொன்னாள். மறுமுனையில் போன் டொக்கென்று வைக்கப்பட்டது.

அந்தக் கேட்டில்தான் டோரதியும் ஜெனிஃபாவும் வந்த வேனும் மாட்டிக்கொண்டிருந்தது. ஜெனிஃபா பச்சைப் பட்டுச் சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக, ஈரத்தோல் லாரிக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாள். மல்லிகை தோற்றுக்கொண்டிருந்தது. எஞ்சின்கள் சேர்ந்த பிறகும் அப்பாவின் வண்டி நகராததைப் பார்த்து அவள் இறங்கினாள். சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாகவே முன் எஞ்சினுக்கு நடந்தாள். டோரதி பின்னாலேயே ஓடினாள். ஷூ கம்பெனி வேனில் இருந்த ஆஃப்ரீன் என்ற தொழிலாளியும் அவளுடைய தோழிகள் செட்டும், வேனில் வேர்த்துச் சாவதைவிடக் கல்யாணப் பெண்ணோடு நடப்பது மேல் என்று சேர்ந்துகொண்டார்கள்.

எஞ்சினுக்குக் கீழே ஒரு குடும்பக் கூட்டம் நடந்தது. கிறிஸ்துராஜ் ஜன்னலிலிருந்து தலையை நீட்டி நிலைமையை விளக்கினார். பின்னால் யார் என்று கேட்டதும் டோரதி நெஞ்சில் கை வைத்தாள்.

"இன்னாங்க, பைத்தியமா உங்களுக்கு? மாப்ள ஊட்டுக்காரர விசில் அடிச்சிக் கூப்புடுவீங்களா?"

"அவரை இல்லம்மா, எஞ்சினை" என்றாள் ஜெனிஃபா.

"எஞ்சின்ல யாருடி குந்தியிருக்கா?"

ஆஃப்ரீன், தங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் விசில் அடித்தால்தான் டீ என்றும், அதில் ரோஷப்பட்டால் டீ ஆறிவிடும் என்றும் கருத்துச் சொன்னாள். அப்போது கார்டு சூரியபிரகாஷ் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். சம்பந்தியம்மாவின் மூட்டுவலி பற்றி இன்னும் ஏதாவது தெரிய வேண்டுமா என்று கேட்டார்.

ஜெனிஃபா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "விசில் அடிச்சா நிச்சயம் நிக்குமோ என்னமோ, அடிக்கலன்னா கண்டிப்பா நிக்கும்பா. ஹால்ல அவர் கோட்டு போட்டுக்கினு மூணு மணியிலருந்து நிக்கறாரு."

அவர் என்று அவள் சொன்ன விதத்தில் கிறிஸ்துராஜ் கொஞ்சம் தளர்ந்தார். விசில் அடித்தால் சம்பந்தி போய்விடுவார். அடிக்காவிட்டால் முகூர்த்தம் போய்விடும். இரண்டு பக்கமும் அவருடைய மகள்தான் நின்றாள்.

கடைசியில் சீட்டை விட்டு எழுந்தார். ஷூவைக் கழற்றினார். தொப்பியை எடுத்து வைத்தார். இடது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, முதுகை வளைத்து, எவ்வளவு பணிவாக ஒரு பட்டனை அழுத்த முடியுமோ அவ்வளவு பணிவாக அழுத்தினார்.

எஞ்சினுக்குப் பணிவு தெரியாது. பாலாற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்படி ஒரு விசில் கிளம்பியது.

எல்லாரும் பின்பக்கம் காது கொடுத்தார்கள். ஆஃப்ரீனின் செட் பேச்சை நிறுத்தியது. தூரத்தில் ஒரு காக்கை கத்தியது. ஈரத்தோல் லாரிக்காரர் காறித் துப்பினார். பின் எஞ்சினிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

"இன்னொருவாட்டி அடிங்க சார்" என்றாள் எழிலரசி.

"ஒரு தடவைன்னா டியூட்டி. ரெண்டாவது தடவைன்னா திமிரு." கிறிஸ்துராஜின் முகம் வெளுத்திருந்தது. "முடிஞ்சுதும்மா. முறுக்கிக்கினாரு."

காலில் விழுவதைத் தவிர வேறு வழியில்லை என்று தீர்மானமானது. எழிலரசியிடம் வண்டியை ஒப்படைத்துவிட்டு அவர் இறங்கினார். வெறும் கையோடு போகக்கூடாது என்று டோரதி, கேட்டைக் கடக்கும்போது வேனிலிருந்து நிச்சயத் தட்டுகளை இறக்கினாள். ஆப்பிள் தட்டு, சாத்துக்குடித் தட்டு, பூத்தட்டு, கேக் வைத்த தட்டு. தூக்க ஆள் போதாமல் ஆஃப்ரீனின் செட் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டது. டீயோடு கடையிலிருந்து திரும்பிய அபினேஷ், என்ன ஏதென்று தெரியாமல் வரிசையில் சேர்ந்துகொண்டான். கார்டு, தன் பெட்டி இருக்கும் இடத்துக்கே ஊர்வலம் போவதால், மறுபடியும் நடந்தார். நிலக்கரி ரயிலின் ஓரமாக, ஷூ போடாத லோகோ பைலட் தலைமையில், பழத்தட்டு வரிசை ஒன்று ஜல்லியில் தடுக்கித் தடுக்கிப் போவதைக் கேட்டில் நின்ற ஊரே போன் தூக்கிப் படம் எடுத்தது.

ஏசடியான் பின் எஞ்சினின் ஜன்னலில் சாய்ந்து நிதானமாக எதிரே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஹேங்கரில், சாயங்காலத்துக்கான வெள்ளைச் சட்டை தொங்கியது. ஊர்வலத்தைப் பார்த்ததும் அவருடைய புருவம் உயர்ந்தது. தட்டுகளைப் பார்த்தார். பட்டுச் சேலையில் ஜெனிஃபாவைப் பார்த்தார். உள்ளே போய் அவசரமாக யூனிபார்மைக் கழற்றி வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தலையை வாரிக்கொண்டு, இறங்கி வந்தார்.

கிறிஸ்துராஜ் கை கூப்பினார். தலை குனிந்தபடியே, தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். தப்பு நடந்துவிட்டது, விதிப்படி செய்ய வேண்டியதாகிவிட்டது, பெரியவர் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது, பிள்ளைகளின் வாழ்க்கை.

"சரி" என்றார் ஏசடியான், வயல்வெளியெல்லாம் கேட்க. டோரதி கையிலிருந்த ஆப்பிள் தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "இங்கியே வெச்சிக்கலாம்னு முடிவு பண்ணீங்களா? நல்லதுதான். ஹால் வாடகைதான் போச்சு. பாஸ்டர் எங்க?"

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் டோரதிக்குப் புரிந்துவிட்டது. நடந்ததையே பேசாமல், நடக்காதது போல மாற்றிவிட்டார். மன்னிப்பைக்கூட இப்படி மறைத்துக் கொடுக்கிற மனுஷனா? அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கார்டு சூரியபிரகாஷ்கூட, மூட்டுவலி விசாரித்த எரிச்சலை மறந்து நெகிழ்ந்தார்.

ஜெனிஃபா மட்டும் அவர் முகத்தையே கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பேசும்போது அவர் கண் அப்பாவின் வாயைத் தேடியதையும், குனிந்த தலையில் வாய் கிடைக்காமல் தவித்ததையும் பார்த்தாள். தட்டை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டு அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள். பெண் பிள்ளை வருங்கால மாமனாருக்கு இவ்வளவு நேருக்கு நேர் நிற்பதா என்று டோரதி பல்லைக் கடித்தாள். ஜெனிஃபா வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாக, கையையும் ஆட்டிக்கொண்டு பேசினாள்.

"மாமா. விசில் வேணாம். கொடி. அபினேஷ் பக்கத்துல நின்னு காட்டுவாரு. நீங்க. பாத்து. தள்ளுங்க."

ஏசடியான் அவளைச் சற்று நேரம் பார்த்தார். முகத்தில் என்னவோ ஒன்று அவிழ்ந்தது. "இதை மொதல்லியே யாராவது சொல்லியிருக்கலாமே" என்றார். அபினேஷ் நீட்டிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எஞ்சினில் ஏறினார்.

ஏற்பாடு இப்படி ஆனது. தண்டவாளம் கேட்டின் அருகே வளைந்திருந்ததால் முன் எஞ்சினுக்குப் பின் எஞ்சின் தெரியாது. நடுவே கேட்டில் நிற்பவருக்கு இரண்டும் தெரியும். கிறிஸ்துராஜ் முன்னால் போய் ஷூவைப் போட்டுக்கொண்டு தயாரானதும் எழிலரசி பச்சைக் கொடியை ஆட்டினாள். கேட்டில் ஸ்டூல் மேல் ஏறி நின்ற பூங்குழலி அதைப் பார்த்து வால் பக்கம் திரும்பித் தன் கொடியை ஆட்டினாள். பின் எஞ்சினில் அபினேஷ் ஏசடியானின் முகத்துக்கு முன்னால் தன் கொடியை ஆட்டினான். மூக்கில் படாமல் ஆட்டும்படி அவர் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

முன்னால் ஒரு முக்கல். பின்னால் ஒரு முக்கல். ஐம்பது சொச்சம் பெட்டிகளும் ஒருமுறை யோசித்தன. பிறகு எறும்பு போல ஊர்ந்தன. கேட்டின் இரண்டு பக்கமும் விசில் பறந்தது. டூ வீலர்க்காரர்கள், ஷூ கம்பெனிப் பெண்கள், லாரிக்காரர் எல்லாரும் வாயில் விரலை வைத்து அடித்தார்கள். டோரதி பதறிப்போய் ஒவ்வொருவரிடமும் ஓடி, அடிக்காதீங்க, அடிக்காதீங்க என்று கெஞ்சினாள். பின் எஞ்சின் அவளைக் கடந்தபோது ஏசடியான் ஜன்னலிலிருந்து எல்லாருக்கும் புன்னகையோடு கையை ஆட்டிக்கொண்டு போனார்.

நிச்சயம் இரண்டு மணி நேரம் தாமதமாக, விளக்கு வைத்த பிறகு நடந்தது. இரு வீட்டாருக்கும் சம்மதமா என்று பாஸ்டர் கேட்கத் தொடங்குவதற்கு முன்பே ஏசடியான் சரி என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஜோவின் கோட்டில் வேர்வை உப்புப் பூத்திருந்தது. ஜெனிஃபாவின் சேலை ஓரத்தில் நிலக்கரி. அது எப்படிப் போகும் என்று யாரும் கவலைப்படவில்லை.

கிறிஸ்துராஜுக்கு மட்டும் கேக் இறங்கவில்லை. அந்த விசில் அவருக்குள் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பந்தி முடிகிற நேரத்தில் ஏசடியானைக் கை கழுவும் இடத்தில் பிடித்தார். ஜெனிஃபா பக்கத்தில் துண்டோடு நின்றாள். அப்பாவின் முகவாயைத் தொட்டு, தலையை நிமிர்த்தி, மாமா முகத்துக்கு நேராகத் திருப்பிவிட்டாள். ஏன் என்று புரியாமலே கிறிஸ்துராஜ் நிமிர்ந்து, தன் விசில் அவரை எவ்வளவு புண்படுத்தியிருக்கும் என்று மறுபடியும் ஆரம்பித்தார்.

ஏசடியான் அவருடைய வாயைக் கடைசி வரை கவனமாகப் பார்த்தார். ஜெனிஃபாவைப் பார்த்தார். அவள் பரவாயில்லை, சொல்லுங்கள் என்பது போலத் தலையசைத்தாள். அவர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க விசில் எனக்குக் கேக்கவே இல்ல சம்பந்தி... லாங் பஜார்ல அடிச்சதும் கேக்கலதான்."